நான் சொன்ன ஜம்போ

“விமானத்தோட மூக்குலேர்ந்து சொல்லு,” என்றார் டெரிக், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

ஹீத்ரோ ஓடுபாதை முனையில், வேலிக்கு வெளியே, புல்லில் எங்கள் இரண்டு மடக்கு நாற்காலிகள். இறங்கும் விமானங்களை இனம் கண்டு நோட்டில் குறித்துக்கொள்வது அவருடைய பொழுதுபோக்கு. பைனாகுலர் இப்போது என் கழுத்தில்தான் தொங்குகிறது. அக்டோபரிலிருந்து அவருக்கு எதை நேரே பார்த்தாலும் நடுவில் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறதாம்.

அதனால் நான் பார்த்துச் சொல்வேன், அவர் எழுதுவார்.

விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, சுருண்ட இறக்கை நுனி என்றால் ஏர்பஸ் முந்நூற்றைம்பது. எஞ்சினின் பின்விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தால் போயிங் எழுநூற்று எண்பத்தேழு. பிறகு வால் பக்கம் எழுதியிருக்கும் எழுத்துகள். விமானத்துக்கு விமானம் அது வேறு. ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்வேன். பொறுமையாகக் காத்திருப்பார்.

நான் பெட்டி ஏற்றுகிற வேலையில் முதுகைத் தேய்த்தவன். விமானத்தின் வயிற்றை மட்டும் பார்த்த பயலுக்கு மூஞ்சி எங்கே தெரியும் என்று கேலி செய்வார். ஆனாலும் நான் சொன்னதை ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. அறுபது வருட நோட்டுகளில் சந்தேகமான வரி ஒன்றுகூடக் கிடையாது அவருக்கு.

நாளை மகள் அவரைக் கடலோர ஊருக்குத் தன்னோடு கூட்டிப் போகிறாள். கடைசியாக ஒரு ஜம்போ, அந்த நாலு எஞ்சின் போயிங் எழுநூற்று நாற்பத்தேழு, வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி தீர்ந்தது. பிளாஸ்க்கும் காலி.

வந்தது இரண்டு எஞ்சின் விமானம்.

“நாலு எஞ்சின். முன்முதுகுல கூன்,” என்றேன்.

அவர் முகம் அப்படி மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுத்துகளைக் கேட்டார். நான் எத்தனையோ முறை பெட்டி ஏற்றிய ஒரு பழைய ஜம்போவின் எழுத்துகள் வாயில் வந்துவிட்டன.

தலைக்கு மேல் இரைச்சல் கடந்து போனது. பேனா அசையவில்லை.

“அந்த விமானத்தப் பழைய இரும்புக்கு உடைச்சு ஆறு வருஷம் ஆச்சுடா கிளிஃப். உடைக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தேன்.”

திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. நோட்டை முகத்தருகே கொண்டுபோய், ஓரக்கண்ணால் பின்னோக்கிப் புரட்டினார். அக்டோபர் வந்ததும், நான் சொல்லி அவர் எழுதிய முதல் பக்கத்தில் நிறுத்தி, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து அடித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் ஒரு கோடு.

பதினோரு பக்கம்.

அவற்றில் இருந்தது அத்தனையும் நிஜம்.