மல்வேர்னுக்கு வந்த தீர்ப்பு

கனடாவில், மல்வேர்ன் வீட்டில் போன் அடித்ததும் செலீன் அன்ரியின் செபமாலை பாதியில் நின்றது.

ஐரோப்பாவிலிருந்து மகன் மரியோ, வழக்கின் தீர்ப்பைச் சொல்ல. ஹலோ என்றான். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

கஸ்பர் அங்கிள் பயந்துபோனார். தோற்றாலும் கவலைப்படாதே, இதற்கு மேலும் ஒரு கோர்ட் இருக்கும் என்று மகனைத் தேற்றத் தொடங்கிவிட்டார். அவன் வென்றதற்காக அழுகிறான் என்பது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு எழுந்த சத்தத்தில், எங்கள் ஊர் ஹொக்கி அணி லீஃப்ஸ் கோப்பையை வென்றுவிட்டதாக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள். நடக்காத காரியம்தான். ஆனாலும் அப்படி ஒரு சத்தம்.

மரியோ இருக்கிற நாட்டின் பெயரை அங்கிள் வாயால் சொல்வதில்லை. ‘அறுவாங்கள்’ என்றால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

மரியோ அங்கே படிக்கப் போனவன். விசா முடிந்த பிறகும் நின்றுவிட்டான். அங்கே வேலை பார்த்த எமில்டாவைப் பதிவுத் திருமணம் செய்தான். நம் ஆட்கள் அதை ‘எழுத்து’ என்பார்கள். எமில்டா பாரிசில் வளர்ந்தவள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவள். அப்படியிருந்தும் அறுவாங்கள் விடவில்லை. கலியாணம் நடந்த இடமும் சரியில்லை, நேரமும் சரியில்லை, நீ புறப்படு என்றார்கள். அவனைப் போலவே மாட்டுப்பட்ட இன்னும் சில சோடிகளோடு சேர்ந்து, அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டான்.

வழக்கு லக்சம்பேர்க்கில் இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அங்கிளும் மனத்தால் கூடவே போனார். மிசிசாகாவில் வேலை செய்கிற இடத்தில், பூசை முடிந்து கோயில் வாசலில், மீன்கடை வரிசையில் என்று அவர் ஐரோப்பியச் சட்டத்தை விளக்காத இடமில்லை. புருசனையும் பெண்சாதியையும் பிரிக்கிற அரசாங்கம் உருப்படாது என்பதுதான் வாதத்தின் சாரம். செலீன் அன்ரிக்குச் சட்டம் தெரியாது. அவர் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார்.

கோயில் கலியாணத்தை விசா கிடைத்த பிறகு பார்ப்போம் என்று மரியோ தள்ளிவைத்திருந்தான். அவன் எழுத்தோடு நின்றதை அங்கிள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

இப்போது மரியோ தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசிக்க, அவனுடைய தங்கை றெஜினா தமிழில் சொன்னாள். கலியாணம் எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று அரசாங்கம் பார்க்கத் தேவையில்லை. கணவன் எப்படி வந்து சேர்ந்தான் என்றும் பார்க்கத் தேவையில்லை. மனைவிக்கு அங்கே வாழ உரிமை இருந்தால் கணவனுக்கும் இருக்கிறது.

அங்கிள் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு தானே சொன்னார். எழும்பி நின்று சொன்னாராக்கும், கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது.

“கேட்டியளே? எங்க முடிச்சா என்ன, எப்ப முடிச்சா என்ன. புருசன் பெஞ்சாதியெண்டா ஒரு வீட்டிலதான் இருக்கோணும்.”

றெஜினா காத்திருந்ததே இதற்குத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் விதுஷன் என்கிற மட்டக்களப்புப் பொடியனை ஸ்காபரோவில் எழுத்து முடித்திருந்தாள். பொடியன் சைவ சமயம். குருவானவர் முன்னால் நடக்காதது கலியாணமே இல்லை என்று அங்கிள் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மகள் வரலாம், போகலாம். அந்தப் பொடியன் வாசற்படி மிதிக்கக்கூடாது. அவரிடம் சம்மதம் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று அவளுக்குத் தெரியும். மரியோ வென்றால் அந்தச் சூட்டிலேயே கேட்டுவிடுவது, தோற்றால் வாய் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் இன்றைக்கு வந்திருந்தாள்.

கேட்டாள். நல்ல நாளப்பா, இன்றைக்கு அவரையும் உள்ளே கூப்பிடுவோம், எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம் என்றாள்.

ஐரோப்பிய அரசாங்கத்தோடு மோதி வென்ற மரியோகூட அவளுக்காக வாய் திறக்கவில்லை.

அங்கிள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ மிக அன்பாக, கணக்கு விளங்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார்.

“உது ஐரோப்பாச் சட்டமெல்லே பிள்ளை. இஞ்ச செல்லாது.”

பிறகு கேக் வெட்டினார்கள். கை தட்டினார்கள்.

சற்று நேரத்தில் முன்கதவு திறந்தது. செலீன் அன்ரி வீட்டுச் செருப்போடு பனியில் நடந்து வந்து வீட்டுக்கு முன்னால் நின்ற என் காரின் கண்ணாடியைத் தட்டினார். நான் அவசரமாகப் போனை அணைத்தேன். எனக்கும் கேட்கட்டும் என்று றெஜினா தன் போனைக் கைப்பைக்குள் வைத்து, என்னோடு இருந்த இணைப்பைத் துண்டிக்காமல் விட்டிருந்தாள்.

விதுஷன் நான்தான்.

அன்ரி ஃபொயிலில் சுற்றிய கேக்கை உள்ளே நீட்டினார். பெரிய துண்டு. குளிருது தம்பி, கண்ணாடியை ஏற்றுங்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். இரண்டு வருடமாக அந்த வீட்டுக் கொழுக்கட்டை, றோல்ஸ், ஈஸ்டர் பிரியாணி எல்லாம் எனக்கு இப்படித்தான் வருகிறது.

மச்சான் வென்றதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கேக்கும் நன்றாக இருந்தது.

கனடா அரசாங்கம் என்னை றெஜினாவின் புருசன் என்று போன வருடமே ஒப்புக்கொண்டுவிட்டது. அதுதான் பிழையாய்ப் போனது. அவர்கள் மாட்டோம் என்று மறுத்திருந்தால், கஸ்பர் அங்கிளே எனக்கு லோயர் பிடித்துத் தந்திருப்பார்.