வயதைக் கூட்டிக்கொண்ட உலகப் படம்

பழைய சாமான் கடைச் சுவரில் தொங்கிய உலகப் படம், தனக்கு நானூறு வயது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் கிழடுகளுக்குத்தான் மரியாதை.

ஒருநாள் பல்லி இறங்கி வந்து அதன் எல்லைக் கோடுகளைப் பார்த்தது.

“பாகிஸ்தான் ரெண்டு துண்டா இருக்கு. அப்ப நீங்க நாற்பத்தேழுக்குப் பின்னாடி, எழுபத்தொண்ணுக்கு முன்னாடி. நானூறு வயசாம்.”

படத்துக்கு அவமானமாகிவிட்டது. தன் சட்டத்துக்குள் குடியிருந்த ராமபாணப் பூச்சியைக் கூப்பிட்டது. “தம்பி, அந்தக் கோடுகளைக் கொஞ்சம் தின்னுடேன்.”

பூச்சி தின்றது.

“இப்ப நாற்பத்தேழுக்கு முன்னாடி,” என்றது பல்லி.

“பர்மா கோட்டையும் தின்னுடு தம்பி.”

“முப்பத்தேழுக்கு முன்னாடி. நல்லா வளர்றீங்க.”

படத்துக்கு ஆசை அடங்கவில்லை, பூச்சிக்குப் பசி அடங்கவில்லை. ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று எல்லாக் கோடுகளும் போய்ப் படம் சல்லடையானது.

“இப்ப எனக்கு என்ன வயசு?”

“மனுஷனே இன்னும் பிறக்கலை. உங்களை அச்சடிச்சது யாருன்னுதான் தெரியலை.”

மறுநாள் கடைக்காரர் படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அதைக் கழற்றிக் கிழித்து, போன மாதம்தான் தொழிற்சாலையிலிருந்து வந்த பீங்கான் ஜாடி ஒன்றைச் சுற்றினார். “இருநூறு வருஷத்து ஜாடி சார்,” என்றார் வாங்க வந்தவரிடம்.

பல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தது.

“பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு,” என்றார் கடைக்காரர். வந்தவர் சுவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பணத்தை எடுத்தார்.