புலியின் உயரம்

புலிகளைப் படம் பிடிக்கக் காட்டில் கேமரா கட்டும் கோடை வேலைக்கு வந்த சேர்மக்கனிக்கு ஒரே ஒரு சங்கடம். மரத்தில் கேமராவைக் கட்டியதும், அது வேலை செய்கிறதா என்று பார்க்க, யாராவது அதன் முன்னால் புலியைப் போல நாலு காலில் நடந்து காட்ட வேண்டும்.

“இன்னும் தணிஞ்சு வா தாயி, புலிக்கு அம்புட்டு உசரம் கிடையாது” என்பார் கூட வந்த முத்துக்குட்டி அண்ணாச்சி.

முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் நிமிர்ந்து நடக்கிறவர்கள் கண்ணில் படாத காடு ஒன்று அந்த உயரத்தில் இருந்தது. புதர்களுக்கு அடியில் குகை போல வழிகள் போயின. தண்ணீர் எந்தப் பக்கம் என்று மண்வாசனையே சொன்னது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்து, அண்ணாச்சி “போதும்” என்ற பிறகும் அவள் கொஞ்ச தூரம் அப்படியே போய்ப் பார்த்தாள். போகப் போக அந்தத் தூரம் நீண்டது.

கோடை முடிந்து கேமராக்களை அவிழ்த்து வந்ததும், மனிதர்கள் பதிவான படங்களை அழிக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார் அண்ணாச்சி. “இது ஆளு... இதும் ஆளு...” முதல் படங்களில் சேர்மக்கனி பல் தெரியச் சிரித்தாள். கடைசிப் படத்தில் தலை தணிந்திருந்தது. ஒரு கை தரையைத் தொடாமல் பாதியில் நின்றது. கண்கள் புதருக்குள் எதையோ கவனித்தன.

“இது...” என்ற அண்ணாச்சி, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

மேசைக்கு அடியில், உள்ளங்கையில் காய்த்திருந்த தோலைத் தடவிக்கொண்டிருந்தாள் சேர்மக்கனி.