மூச்சு வாங்கிய ஆட்டக்காரர்கள்

“கெழட்டு மாட்டப் புடிச்சாந்து ஏர்ல பூட்னா இப்டித்தான்,” என்றார் தேவநாதன். விழுப்புரம் அணி திண்டிவனத்திடம் கால்பந்துக் கோப்பையைப் பறிகொடுத்த கடுப்பில், காலி டிபன் கேரியரை வீசி வீசி நடந்தார்.

“அந்த ரெண்டு பெங்களூர்க்காரங்க இல்லேன்னா ஃபைனலுக்கே வந்திருக்க மாட்டோம்,” என்றார் கூட வந்த வேங்கடேசன்.

“வந்து என்னா? பாதி ஆட்டத்துக்கப்புறம் இடுப்புல கைய வச்சிக்கினு மூச்சு வாங்கினு நின்னானுங்க. வயசான ஆளுங்களக் கூட்டியாந்தது தண்டம். மூஞ்சிக்கு நேரா கத்திட்டுத்தான் வந்தேன்.”

“போவட்டும். உங்க வீட்டுக் கோழிக்குழம்பு மட்டும் அமிர்தம்,” என்று வேங்கடேசன் தன் தெருவில் திரும்பினார்.

வாசலிலேயே மனைவி அம்சா கேரியரை வாங்கித் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“ஒரு பருக்க மிச்சமில்ல. நல்லா சாப்ட்டாங்களா?”

“யாரு?”

“பெங்களூர்க்காரங்கதான். ஆட்டக்காரங்களுக்கு மத்தியானச் சோறு போடற மொறை இன்னிக்கு நம்ம வீடாச்சே. சொல்லித்தான குடுத்தேன்? நீங்களும் ‘உம்’முன்னீங்களே. ராத்திரி சாப்பாட்டுக்கு இங்கியே வரச் சொல்லியிருந்தேன். அதோ, வந்துட்டாங்க.”

இன்னும் குழம்பு மணந்துகொண்டிருந்த வலது கையை, தேவநாதன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.