மணல் படாத கோட்டு

பிரெஞ்சுக்காரன் எத்தியென் இருபது வருஷம் கழித்துத் துனீசியாவுக்கு வந்து, சுற்றுலாக்காரர்களுக்காக நாங்கள் போட்டிருக்கும் பாலைவனக் கூடாரத்தில் தங்கினான். போன தடவை, படம் பிடிக்கத் தலையைத் திருப்பவில்லை என்று என் ஒட்டகம் சர்காவின் கண்ணில் கம்பால் குத்தியவன். சாகும்வரை அது ஒற்றைக் கண்ணோடுதான் நடந்தது.

"இங்க ஒரு ஒட்டகம் இருந்துச்சே, செம திமிரு," என்று சிரித்தான்.

"அது செத்துப்போச்சுங்க," என்றேன்.

ஒட்டகம் வன்மம் மறக்காது. அதனால் அடித்தவனின் உடுப்பைக் கழற்றி அதன் முன்னால் போட்டுவிடுவோம். வியர்வை வாசனையை மோந்து, ஆத்திரம் தீர மிதித்துவிட்டு, ஆளை விட்டுவிடும்.

சாயங்காலம் என் புருஷன் பெல்காசெம் அடுப்படிக்கு வந்தார். "அந்தாளு கோட்டை வாங்கி வெளியில போட்ரு, மப்ரூக்கா."

"செத்த ஒட்டகத்துக்கு எதுக்குக் கோட்டு?"

"அவன் வர்றேன்னு போன் பண்ணுன நாள்லேர்ந்து சர்காவைப் பொதைச்ச குழி மேல மணல் நிக்க மாட்டேங்குது. நானும் அள்ளி அள்ளிப் போடுறேன்."

எனக்கும் தெரியும். ரொட்டி மாவைப் பிசைந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் எத்தியென் தானாகவே கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "புதுசு. மணல் படாம வைங்க."

எங்கள் வீட்டு அலமாரியில் மாட்டிப் பூட்டினேன்.

காலையில் அவன் உள்ளே தூங்கிய கூடாரம் ரொட்டி போலத் தட்டையாகத் தரையோடு கிடந்தது. சுற்றிலும் ஒரே ஒரு ஒட்டகத்தின் கால்தடம். சர்காவின் குழி மேல் மணல் மேடு கட்டி நின்றது.

பெல்காசெம் என் பக்கம் திரும்பினார். "கோட்டு எங்க?"

"அவரு சொன்ன மாதிரியே வெச்சிருக்கேன். ஒரு பொட்டு மணல் படல."