திறக்காதவர் பட்டியல்

நெல் வாங்கும் கம்பனியின் கணினிச் சேர்வரில் பொதுப் போல்டர்கள் எல்லாருக்கும் திறந்து கிடந்தன. அவற்றைப் பூட்டி, தேவையான ஆட்களுக்கு மட்டும் திறக்க அனுமதி கொடுக்கும் பொறுப்பு கம்சாயினியுடையது.

"ஆறு மாசமா ஒருக்காவும் திறக்காத ஆக்கள்ற பேர வெட்டு புள்ள," என்றார் மனேஜர் பற்றிக். "இஞ்ச இரிக்கிறதெல்லாம் சம்பளத்துக்குத் தூங்கிற கூட்டம்."

"பாத்திட்டன் சேர். ஒராள்தான் அப்பிடி."

"புஸ்பமாத்தான் இரிக்கும். தேத்தண்ணி குடிக்கிறதத் தவிர அவளுக்கு என்ன தெரியும்?"

வயல்வெளிகளின் நெல் விபரத்தை வட்டை வட்டையாகப் பதியும் புஸ்பம், அடுத்த மேசையில் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெட்ட வேண்டிய பெயரை எழுதிய அனுமதிக் கடிதத்தைக் கம்சாயினி நீட்டினாள். "பேர ஒருக்கா வாசிச்சிப் பாருங்க சேர்."

"உதவாக்கரைட பேர வாசிக்க எனக்கு நேரமில்ல." எந்தக் கடிதத்திலும் செய்வதுபோல, வாசிக்காமலே கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினார். கம்சாயினி அந்தப் பெயரை உடனே வெட்டினாள்.

பின்னேரம் கொழும்பிலிருந்து முதலாளி வந்து நெல் விபரம் கேட்டார். பற்றிக் கணினியைத் தட்டித் தட்டி வியர்த்தார்.

"புள்ள, சேர்வர் பழுதாப் போச்சி! எனக்கு ஒரு போல்டரும் திறக்குதில்ல!"

"சேர்வர் நல்லாத்தான் இரிக்கி சேர்," என்ற கம்சாயினி, கடிதத்தை முதலாளியின் முன்னால் வைத்தாள்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெட்டிய பெயரையும் கீழே இருந்த கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டும் ஒரே ஆளுடையவை.