மேலே இழு, கீழே இழு

அந்த வீட்டு மவுஸுக்குக் காலையிலிருந்து ஓய்வே இல்லை. கணினி அறிவியல் படிக்கப்போகும் அமுதினி, மலையடிவாரப் பல்கலைக்கழகத்தைச் சேர்க்கைக்கான விருப்பப் பட்டியலில் மேலே இழுப்பாள். அப்பாவின் முகம் சுருங்கியதும் கடற்கரைப் பல்கலைக்கழகத்தை மேலே ஏற்றுவாள். சாயங்காலம் பட்டியல் பூட்டிக்கொள்ளும். எது மேலே நிற்கிறதோ அங்கேதான் இடம்.

"புள்ளையோட படிப்புடா, பாத்து இழு," என்றது கீபோர்டு.

"படுத்துக்கிட்டே பேசாதீங்கண்ணே. எனக்கு வயிறே தேஞ்சுபோச்சு."

கடைசி நிமிஷத்தில் அமுதினி கடற்கரையை மறுபடி மேலே இழுத்தாள். பாதி வழியில் பேட்டரி தீர்ந்து மவுஸ் அணைந்துபோனது. மலையடிவாரம் மேலே நிற்க, பட்டியல் பூட்டிக்கொண்டது.

"மொதல்லேருந்தே இதத்தான்ப்பா நெனச்சேன்," என்றாள்.

"நானுந்தாம்மா," என்றார் அப்பா.

புது பேட்டரி போட்டதும் மவுஸ் கண் விழித்தது. "கடைசியில யாருண்ணே முடிவு பண்ணாங்க?"

"நீ எங்க அசந்து விட்டியோ, அங்கேயே நின்னுபோச்சுடா. ரெண்டு பேரும் நிம்மதியா காப்பி குடிக்கிறாங்க."